ஹேண்ட்மேட் பேப்பர் அட்டை, ஏ5 நோட்டு, முதல் லாட் 200: அச்சு, கட்டு, விலை பற்றி (புதுச்சேரி)

முத்தியால்பேட்டை மை:

வணக்கம். நோட்டும் வாழ்த்து அட்டையும் நானே வடிவமைத்து விற்கப் போகிறேன். வரைவதும் பக்க அமைப்பும் என் வேலை. இயந்திரம் எதுவும் என்னிடம் இல்லை, அச்சும் கட்டும் வெளியில்தான்.

முதல் லாட்: ஏ5 அளவில் 160 பக்க நோட்டு 200, மடித்தால் ஏ6 ஆகும் வாழ்த்து அட்டை 300. நோட்டின் மேலட்டைக்கும் வாழ்த்து அட்டைக்கும் ஹேண்ட்மேட் பேப்பர். அதன்மேல் ஒரே நிறத்தில் கோட்டோவியம், கீழே ஒரு வரி தமிழ். உள்ளே 5 மிமீ புள்ளிக் கட்டம். நோட்டு மேசையில் சமமாக விரிந்து கிடக்க வேண்டும், இதில் மட்டும் சமரசம் இல்லை.

மாதிரி நோட்டு ஒன்றில் கண்ட குறைகள்: மேலட்டையில் லேசர் பிரிண்ட் கருப்பு விரலால் தேய்த்தாலே உதிர்கிறது. அட்டையின் மூலைகள் வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. உள்தாள், கட்டிய பக்கமான முதுகோரத்தில் அலை அலையாக இருக்கிறது.

உள்தாளையும் ஹேண்ட்மேடிலேயே போடலாமா? 200 எண்ணிக்கைக்கு எந்த அச்சு முறை சரி? சிவகாசியில் கொடுத்தால் மலிவு என்கிறார்களே? இதோடு தேதி போட்ட டைரியும் 100 சேர்த்து டிசம்பர் விற்பனைக்குக் கொண்டுவர ஆசை. ஆவணி பிறந்துவிட்டது, நேரம் போதுமா?

தாள்கணக்கு:

முதலில் அலை. மாதிரியை ஏ4 காப்பியர் தாளை இரண்டாக மடித்துச் செய்திருப்பீர்கள். அங்கேதான் சிக்கல். மில் தாளில் நார்கள் இயந்திரம் ஓடிய திசையில் படுத்திருக்கும். ஈரம் ஏறினால் நார் நீளத்தில் மிகக் கொஞ்சமும் குறுக்கில் பல மடங்கும் பருக்கும். கடையில் வாங்கும் ஏ4-இல் நார் பெரும்பாலும் நீளவாக்கில், அதாவது 297 மிமீ பக்கம் ஓடும். அதை ஏ5-ஆக மடித்தால் நார் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். பசை ஈரம் பட்டதும் தாள் முதுகின் நீளத்தில் விரியப் பார்க்கும். முதுகைத் தைத்தோ ஒட்டியோ இறுக்கியிருப்பதால் விரிய இடமில்லை, அலையாக எழும்பும். நோட்டு சமமாக விரியாமல் போவதற்கும் பாதிக் காரணம் இதுவே.

நார்த்திசை தெரிய, தாளில் சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரக் கையால் தடவுங்கள். உடனே சுருளும். சுருளின் அச்சு எந்தத் திசையில் கிடக்கிறதோ அதுதான் நார்த்திசை. அது முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். உள்தாள், மேலட்டைக்கு விறைப்புத் தரும் கிரே போர்டு, அட்டைக்குள் ஒட்டும் தாள் மூன்றுக்கும் இதே விதி.

அடுத்து தாளின் அளவு. நம்மூர்ப் பேப்பர் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 23×36 அங்குலம், அதாவது டபுள் டெமி. அதில் 5.5×8.5 அங்குல டெமி நோட்டுக்கு ஒரு தாளில் 16 இலை வரும். ஆனால் உங்கள் ஏ5-இன் அகலம் 5.83 அங்குலம். நான்கைப் பக்கம் பக்கமாக வைத்தால் 23.3 அங்குலம் வேண்டும், 23-இல் அடங்காது. திருப்பிப் போட்டால் 12 இலைதான். தாளில் கால்வாசி குப்பைக்குப் போகும். ஆகவே ஒன்று, டெமி அளவுக்கு மாறுங்கள். இல்லையென்றால் 25×36 தாள் வாங்குங்கள். 25×36-இல் வெட்டும் முன் ஓர் இலை 6.25×9 அங்குலம், 16 இலை, மூன்று பக்கமும் சீவ இடம் இருக்கும். நார் 36 அங்குல நீளவாக்கில் ஓடுகிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அப்படி ஓடினால்தான் மடித்த பிறகு முதுகுக்கு இணையாக வரும்.

160 பக்கம் என்றால் 80 இலை, அதாவது 25×36 தாள் 5. ஒரு ரீம் 500 தாள், 100 நோட்டு. 200 நோட்டுக்கு 2 ரீம், சேதாரத்துக்கு 50 தாள். தாள் கிலோக் கணக்கில் விற்பதால் எடை தெரிய வேண்டும்: நீளம் × அகலம் (அங்குலத்தில்) × ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ÷ 1550 = ஒரு தாளின் கிராம். 100 ஜிஎஸ்எம்-க்கு 25×36×100÷1550 = 58 கிராம், ரீம் 29 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நோட்டுக்கு 29 ரூபாய்த் தாள். உங்கள் கடை விலையை இதில் போட்டுப் பாருங்கள்.

உள்தாளுக்கு ஹேண்ட்மேட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே கட்டில் தாளுக்குத் தாள் கனம் மாறும். ஆஃப்செட் மெஷினில் விட்டால் நார்ப்பிசிறு, மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் உறையான பிளாங்கெட்டில் ஏறி, கொஞ்ச நேரத்தில் உங்கள் புள்ளிகள் எல்லாம் விட்டுவிட்டு விழும். 80 இலை கனமான கைத்தாள் சேர்ந்தால் நோட்டு தடித்து, எழுதும் கை மேசைக்கும் தாளுக்கும் நடுவே தொங்கும். உள்ளே 100 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ (பூச்சு இல்லாத மில் தாள்) போதும். ஹேண்ட்மேடை மேலட்டைக்கும், முன்னும் பின்னும் அட்டையின் உள்பக்கம் ஒட்டும் எண்ட் பேப்பருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணும் விரலும் முதலில் தொடும் இடம் அதுதான்.

நம் ஊரில் இதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-இலிருந்து இங்கே இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்திச் செய்வது இந்தத் தாள். வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். சைசிங், அதாவது மை ஊறாமலிருக்கப் பசையேற்றுவது, செய்ததா? சைசிங் இல்லாத தாளில் மை ஊறிப் பரவும். காலண்டர் உருளைகளுக்கு நடுவே ஓட்டி மழமழப்பாக்கியதா, சொரசொரப்பா? இதே நிறம் மறுபடி கிடைக்குமா? கைத்தாளில் ஒரு லாட்டின் சாயம் அடுத்த லாட்டில் அப்படியே வராது, 200 நோட்டுக்கும் ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள்.

சாரம் ஸ்க்ரீன்:

கருப்பு உதிர்றதுக்குப் பேப்பர் மட்டமா இருக்கிறது காரணம் இல்லைங்க. லேசர் பிரிண்டர்ல டோனர் தூளைச் சூட்டு உருளைதான் உருக்கி அழுத்தி ஒட்டுது. சொரசொர பேப்பர்ல உருளை மேடு மேல மட்டும் படும், பள்ளத்துல இருக்கிற தூள் அரைகுறையா உருகி நிக்கும். அதைத்தான் நீங்க விரலால எடுக்கிறீங்க. ஹேண்ட்மேடுக்கு லேசரை மறந்துடுங்க. வீட்ல மாதிரி பாக்கணும்னா பிக்மென்ட் மை போட்ட இங்க்ஜெட் பரவாயில்லை.

சிவகாசி விலை ஆயிரக்கணக்குல அடிக்கிறவங்களுக்கு. 200-க்கு அங்க போனா பிளேட்டு, மெஷின் செட்டிங், லாரி மூணும் சேர்ந்து மிச்சத்தை முழுங்கிடும். பக்கத்துல நின்னு மை பார்க்கவும் முடியாது.

வேலையை ரெண்டாப் பிரிங்க. உள்ள புள்ளிக் கட்டம் ஆஃப்செட், மேலட்டையும் வாழ்த்து அட்டையும் ஸ்க்ரீன், அதாவது வலைத்துணி வழியா மையைத் தள்ளி அடிக்கிறது.

ஆஃப்செட்ல எல்லாப் பக்கமும் ஒண்ணுதான், அதனால ஒரே பிளேட் போதும். 25×36-ஐ பாதியா வெட்டி 18×25 ஓடுற மெஷின்ல ரெண்டு பக்கமும் அடிச்சிடலாம். 200 நோட்டுக்கு 2000 பாதித் தாள், 4000 இம்ப்ரெஷன். கேட்டு வாங்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. புள்ளி சாம்பல் நிறமா வேணும்னு கருப்பை 20 சதவீதம் டின்ட் போட்டு அனுப்பாதீங்க. அவ்ளோ சின்னப் புள்ளி, டின்ட்டுக்கு வர்ற நுண்புள்ளிகளா (ஹாஃப்டோன்) உடைஞ்சு, ஒண்ணு அரைகுறையா விழும், இல்லைன்னா காணாமலே போகும். ஃபைல்ல 100 சதவீதம் கருப்பாவே வைங்க, மெஷின்ல சாம்பல் மை கலந்து போடச் சொல்லுங்க. புள்ளி விட்டம் 0.4 மிமீ. தாள் ஓரம் வரைக்கும் புள்ளியைக் கொண்டுபோகாதீங்க. மடிப்பு 1 மிமீ விலகினாலும் வெட்டின ஓரத்துல கட்டம் சாய்ஞ்சது பளிச்னு தெரியும். சுத்தி 7 மிமீ வெள்ளை விட்டா கண்ணுக்குத் தெரியாது.

ஸ்க்ரீனுக்கு: ஹேண்ட்மேட்ல 77டி மெஷ் (செ.மீ.க்கு 77 இழை இருக்கிற வலை) சொல்லுங்க. விசிட்டிங் கார்டுக்குப் போடுற 120டி-ல மை கம்மியா இறங்கும், நார் மேட்டுல கோடு அறுந்து போகும். கோட்டோட கனம் குறைஞ்சது 0.4 மிமீ. மெல்லிசான கோடு அழகுதான், ஆனா இந்தத் தாள்ல நிக்காது. வாட்டர் பேஸ் மை போட்டா தாளோட ஒட்டி மங்கலா அழகா உக்காரும், காய நேரம் எடுக்கும். பிவிசி மை பளபளப்பா மேல நிக்கும், மடிப்புல வெடிக்கும். உங்க வேலைக்கு வாட்டர் பேஸ். அச்சடிச்ச ஷீட்டை ரேக்ல தனித்தனியா விட்டுக் காயவைக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா மேல இருக்கிற ஷீட்டோட பின்பக்கம் மை ஒட்டிக்கும்.

மழை வந்துட்டா இந்த வேலை பாதி வேகம்தான். ஸ்க்ரீன்ல படம் ஏத்தத் தடவுற எமல்ஷன் பூச்சு ஈரக் காத்துல முழுசாக் காயாது. காயாம வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் பண்ணினா கழுவுறப்ப ஓரம் கரைஞ்சு வந்துடும். பேப்பரும் காலையில ஒரு அளவு, சாயந்திரம் ஒரு அளவுன்னு நீளும். ஒரு நிறம்னு முடிவு பண்ணினது நல்லது. பின்னாடி ரெண்டு நிறம் சேர்த்தா, ரெண்டும் ஒட்டி நிக்கிற மாதிரி வரையாதீங்க, அரை மிமீ ஒண்ணு மேல ஒண்ணு ஏறட்டும், இல்லைன்னா நடுவுல நல்ல இடைவெளி விடுங்க.

தமிழ் வரி பத்தி. ஹேண்ட்மேட்ல மை கொஞ்சம் பரவும். ண, ணை, ஞ, இ இதுங்களோட உள்வெளி சின்னது, 9 பாயின்ட்ல போட்டா அடைச்சு ஒரு கறுப்புத் திட்டாத் தெரியும். 12-க்குக் கீழ இறங்காதீங்க. மெல்லிசு-தடிமன் வித்தியாசம் குறைவா இருக்கிற எழுத்துருவாப் பாருங்க. முத்து மலர், ஹிந்த் மதுரை, கேடமரான் மாதிரி திறந்த உரிமத்துல கிடைக்கிறதை விக்கிற பொருள்ல தாராளமாப் போடலாம். எங்கயோ இறக்கின பழைய எழுத்துரு வேண்டாம், உரிமம் யாருதுன்னே தெரியாது. யூனிகோட்ல டைப் பண்ணி, கொம்பும் காலும் சரியான இடத்துல இருக்கான்னு பாத்துட்டு, அவுட்லைன் ஆக்கி அனுப்புங்க. பிரஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல உங்க எழுத்துரு இல்லைன்னா 'கொ' உடைஞ்சு மூணு துண்டா வரும், அங்க யாரும் படிச்சுப் பாக்க மாட்டாங்க.

தாள்கணக்கு:

சிறு திருத்தம்: அது 'முக்த மலர்' எழுத்துரு.

வாழ்த்து அட்டைக்கு ஸ்க்ரீனைவிட ட்ரெடில் (எழுத்தை அழுத்திப் பதிக்கும் பழைய அச்சு மெஷின்) பொருத்தம் என்பேன். நம்பரிங்குக்கும் கிரீசிங்குக்கும் (மடிப்புக் கோடு போடுவது) டை கட்டிங்குக்கும் ட்ரெடிலை வைத்திருக்கும் பிரஸ்கள் இருக்கின்றன. பாலிமர் பிளாக் செய்து கொடுத்தால் பருத்தித் தாளில் எழுத்து பதிந்து விழும். அந்தப் பதிவு பஞ்சு போன்ற கைத்தாளில் அமைவதுபோல் மில் அட்டையில் அமையாது. 300 அட்டையையும் அதே மெஷினில் மடிப்புக் கோடு போட்டுவிடலாம். 250 ஜிஎஸ்எம்-க்கு மேல் கிரீஸ் இல்லாமல் கையால் மடித்தால் நார் பிளந்து மடிப்பு முழுக்கப் பிசிறு நிற்கும்.

ஏ6 அட்டைக்கு உறை சி6, அதாவது 114×162 மிமீ. ஏ5 துண்டு 300 ஜிஎஸ்எம் என்றால் 9.3 கிராம், உறையோடு 15 கிராமுக்குள் நிற்கும். தபாலில் 20 கிராம் வரை முதல் படிக் கட்டணம்தான். வாங்குபவர் அதை உண்மையிலேயே யாருக்காவது அனுப்ப வேண்டும் என்று நினைத்துச் செய்யுங்கள்.

முத்தியால்பேட்டை மை:

மிக்க நன்றி. மாதிரி ஏ4-ஐ மடித்துத்தான் செய்தது. 25×36-க்கு மாறிவிடுகிறேன். கட்டு பற்றி யாராவது சொல்ல முடியுமா? அட்டை வளைவதைத் தடுக்க மேலே மேட் லேமினேஷன் போடலாம் என்று ஒரு யோசனை, ஈரமும் ஏறாதல்லவா?

மஞ்சக்குப்பம் பைண்டிங்:

தம்பி, லேமினேஷன் போடவே போடாதீங்க. ஒரு பக்கம் பிளாஸ்டிக் இருந்தால் அந்தப் பக்கம் ஈரம் ஏறாது, மறுபக்கம் மட்டும் ஏறும். ஏறின பக்கம் விரியும், அட்டை இன்னும் மோசமாக வளையும். ஹேண்ட்மேட் பேப்பரைத் தொடும்போது வரும் அந்தச் சுகமும் போய்விடும். பிறகு எதற்கு அந்தத் தாளை வாங்கினோம்?

வளைவுக்குக் காரணம் இழுவை. மேலே ஒட்டும் தாள் பசையில் நனைந்து பெருக்கும். அந்த நிலையில் போர்டில் ஒட்டுகிறோம். காயும்போது சுருங்கி போர்டைத் தன் பக்கம் இழுக்கும். உள்பக்கம் அதே அளவு இழுக்க ஏதாவது இருந்தால்தான் போர்டு நேராக நிற்கும். அதனால் உள்ளே ஒட்டும் எண்ட் பேப்பர் மேல்தாளுக்கு நெருக்கமான கனத்தில் இருக்கணும், அதே பசை, அதே ஈரம், நார்த்திசை முதுகுக்கு இணை. மேலே தடித்த ஹேண்ட்மேட், உள்ளே 70 ஜிஎஸ்எம் தாள் என்றால் வளையத்தான் செய்யும். போர்டும் 2 மிமீ-க்குக் குறையக் கூடாது.

விரிந்து படுக்க நூல் தையல்தான். பர்ஃபெக்ட் பைண்டிங் உங்கள் வேலைக்கு ஆகாது. முதுகில் சூட்டுப் பசை இறுகிவிடும், அழுத்தி விரித்தால் இலை கழன்று வரும். சென்டர் பின் (நடுமடிப்பில் கம்பி அடிப்பது) 80 இலைக்குத் தாங்காது. 18×25 தாளை மூன்று மடிப்பு மடித்தால் 16 பக்க ஃபாரம் ஒன்று, உங்களுக்கு 10 ஃபாரம். மடிப்பில் ஐந்து ஓட்டை. மேலும் கீழும் உள்ள ஓட்டை, சீவின பிறகு ஓரத்திலிருந்து 15 மிமீ தள்ளி நிற்கிற மாதிரி குறித்துக்கொள்ளுங்கள், ஒட்டிப் போட்டால் கட்டிங் மெஷின் நூலை அறுத்துவிடும். நூல் 0.3 மிமீ லினன், தேன்மெழுகு தடவினது. தடித்த நூல் பலம் என்று நினைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஃபாரத்துக்குள்ளும் ஒரு நூல் ஓடுகிறது. 0.5 மிமீ நூல் 10 ஃபாரத்தில் 5 மிமீ, முதுகுப் பக்கம் வீங்கி நோட்டு ஆப்பு வடிவில் நிற்கும். 0.3 என்றால் அழுத்தினதும் அடங்கிவிடும்.

தைத்ததும் முதுகில் மெல்லிசாக பிவிஏ (வெள்ளைப் பசை), அதன்மேல் மல் துணி இரண்டு பக்கமும் 25 மிமீ நீட்டி ஒட்டணும். அந்தத் துணிதான் நோட்டை அட்டையோடு பிடிக்கிறது. முதுகில் பசையைக் கொட்டி அடைக்கக் கூடாது. அட்டையின் முதுகுப் பட்டையோடு நோட்டின் முதுகை ஒட்டவும் கூடாது, அது தனியாக விலகி நின்றால்தான் விரியும். காய்ந்த பிறகு மூன்று பக்கமும் சீவி 148×210-க்குக் கொண்டுவாருங்கள்.

மேலட்டையை முழுக்க ஹேண்ட்மேடில் சுற்ற நினைத்திருப்பீர்கள். திறந்து மூடும் மடிப்பில் அந்தத் தாள் சீக்கிரம் தேய்ந்து வெடிக்கும். முதுகுக்குக் காலிகோ (பைண்டிங் துணி), பக்கங்களுக்கு ஹேண்ட்மேட் என்று பிரித்தால் உழைக்கும், தாளும் மிச்சம். கணக்கு இதோ, எல்லாம் மிமீ: போர்டு 146×216, முதுகு 12, இரண்டு பக்கமும் கீல் இடைவெளி 7. காலிகோ 88 மிமீ அகலம், 246 உயரம், போர்டு மேல் பக்கத்துக்கு 31 ஏறும். ஹேண்ட்மேட் துண்டு 135×246, அதில் 15 மிமீ உள்ளே மடிய. 22×30 அங்குலத் தாளில் 12 துண்டு கிடைக்கும், ஆறு நோட்டு. 200-க்கு 34 தாள், கூட நான்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கச் சுற்றினால் ஒரு தாளில் நான்கு நோட்டுதான், 50 தாள் வேண்டும். தாளின் பிசிறான ஓரத்தை உள்ளே மடிகிற பக்கம் போட்டால் அதுவும் வீணாகாது. ஸ்க்ரீன் அச்சைத் துண்டாக வெட்டும் முன்பே போட்டுவிடுங்கள், ஓவியத்தின் நடு எங்கே வரும் என்பதை 120 மிமீ தெரியும் அகலத்துக்குள் கணக்கு பண்ணி வரையுங்கள்.

பசை. எங்கள் வழக்கம் மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவது, ராமபாணப் பூச்சி அண்டாது. அது விஷம், சமையல் பாத்திரத்தில் தொடக்கூடாது. வெளிர் நிற ஹேண்ட்மேட் மேல் பச்சைக் கறையும் படியலாம். உங்கள் அட்டைக்கு பிவிஏ இரண்டு பங்கு, துத்தம் போடாத மைதாப் பசை ஒரு பங்கு. தனி பிவிஏ உடனே பிடித்துக்கொள்ளும், தாளைச் சரிபண்ண நேரம் தராது. தனி மைதாவில் ஈரம் அதிகம். பசையைத் தாளில் தடவி ஒரு நிமிடம் ஊறவிட்டு ஒட்டுங்கள். ஊறாமல் ஒட்டினால் போர்டு மேலே போய்ப் பெருத்துக் குமிழியிடும்.

இப்போது மழை. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் மழை, வருஷத்தில் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டும். டைரி வேலையும் அதே நேரத்தில்தான் வந்து விழுகிறது. பசை போட்ட வேலை எல்லாம் புரட்டாசிக்குள் முடியணும் என்று தேதி வையுங்கள். நோட்டை அட்டையில் ஏற்றியதும் எண்ட் பேப்பருக்கு நடுவே மெழுகுத் தாள் வைத்து, பலகை அடுக்கி பிரஸ்ஸில் இறுக்கி ஒரு நாள் முழுக்க. மறுநாள் எடுத்து மெழுகுத் தாளை மாற்றி, பலகை மேல் எடை வைத்து இன்னும் இரண்டு மூன்று நாள். மழை நாளில் இது இரட்டிப்பாகும். உள்ளே ஈரம் இருக்க பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினால் ஒரு மாதத்தில் முதுகோரம் கரும்புள்ளி பூக்கும், பூத்தால் போகாது. மழைக்காலத்தில் விற்கப்போகும் சரக்கைக் காகித உறையிலோ பட்டையோடோ வைத்து, அனுப்பும் அன்று மட்டும் பிளாஸ்டிக் கவர் போடுங்கள்.

சரக்கைத் தரையில் வைக்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல், இரண்டும் நம் கடற்கரையில்தான் கரையேறின. ஃபெஞ்சலில் புதுச்சேரித் தெருக்களில் தண்ணீர் நின்றது எல்லோருக்கும் தெரியும். மூன்றடி உயரத்தில் ரேக், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஓதமடித்த சுவரோடு ஒட்டி வைத்தால் மேலே மழை படாமலே நோட்டு கெடும்.

நெல்லித்தோப்பு கணக்கு:

தேதி டைரியை இந்த வருடம் விடுங்கள். மஞ்சக்குப்பம் சொன்ன மழை ஒரு காரணம். விடுமுறைப் பட்டியல் இன்னொன்று. அடுத்த ஆண்டு அரசு விடுமுறைகள் ஆண்டுக் கடைசியில்தான் முறையாக வெளியாகும், அதற்குள் உங்கள் அச்சு முடிந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தமிழ்நாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துப் போடுபவர்கள், நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளையும் ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாளையும் விட்டுவிடுகிறார்கள். புதுச்சேரிக்காரர் டைரியைப் புரட்டியதும் தேடுவது அதைத்தான். பொங்கல் தாண்டினால் மிஞ்சிய தேதி டைரி எடைக்குத்தான் போகும். தேதி இல்லாத பிளானர் எந்த மாதமும் விற்கும். தேதி வேண்டும் என்ற ஆசை விடாவிட்டால், ஜூன் முதல் மே வரை பள்ளி ஆண்டுப் பிளானராக யோசியுங்கள். மாசி முதல் சித்திரை வரை தயாரிக்கலாம், வெயிலில் பசையும் மையும் காயும், பள்ளி திறக்கும் முன் ஆசிரியர்கள் வாங்குவார்கள்.

வரி விஷயத்தில் நம் ஊர் எல்லையைக் கவனிக்க வேண்டும். பொருள் விற்போருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம்தான். அதைவிட முக்கியம்: வரியுள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் பொதுவாக வரம்பே கிடையாது, முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. காரைக்காலுக்கு அனுப்புவது உள்மாநில விற்பனை, பக்கத்துக் கடலூர்க் கடைக்கு அனுப்புவது வெளிமாநில விற்பனை. 2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாத சிறு விற்பனையாளர்களும் இணையச் சந்தைகளில் விற்கலாம் என்று வந்த சலுகையும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். புதுச்சேரிப் பரப்புக்கு அதனால் பெரிய பயனில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகத்துக்கு வரி இல்லை. டைரிக்கு 18 சதவீதம். உங்கள் புள்ளிக்கட்ட நோட்டு எந்த வகையில் விழும், வாழ்த்து அட்டைக்கு என்ன விகிதம் என்பதை முதல் பில் போடும் முன் ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரி இல்லை என்றால் லாபம் என்று உடனே நினைக்க வேண்டாம். போர்டுக்கும் அச்சுக் கூலிக்கும் நீங்கள் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அதுவும் அடக்க விலையில் சேரும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இடைத்தளங்களுக்குக் கொடுக்காதீர்கள்.

விலை. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு, உங்கள் கொட்டேஷன்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். உள்தாள் 29, புள்ளி அச்சு 15, ஹேண்ட்மேட் 12, போர்டும் காலிகோவும் எண்ட் பேப்பரும் 18, ஸ்க்ரீன் 14, தையலும் கட்டும் 65, உறை 7. மொத்தம் 160. மிஷன் வீதிப் பக்கம் கடையில் விற்றுத் தந்தால் பணம் என்ற முறையில் 35 சதவீதக் கமிஷன் கேட்டால், 300 ரூபாய் நோட்டில் உங்கள் கைக்கு 195. மீதி 35 ரூபாயில் கடையில் அழுக்கான மாதிரி நோட்டு, ஆட்டோ, உங்கள் வரைதல் கூலி எல்லாம் அடங்காது. 400 வைத்தால் கைக்கு 260, மீதி 100. அந்த விலைக்கு நோட்டு தகுதியாக இருக்க வேண்டும், அதனால்தான் நூல் தையலில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்கிறேன். நேரில் விற்கும்போதும் அதே 400 வையுங்கள். கடையைவிடக் குறைத்து விற்றால் கடைக்காரர் அடுத்த முறை எடுக்க மாட்டார்.

கடையோடு எழுத்தில் வைக்க வேண்டியவை: எத்தனை கொடுத்தோம், எந்தத் தேதியில் கணக்கு, சேதமானால் யார் பொறுப்பு, மழையில் நனைந்தால் யார் பொறுப்பு, விற்காததை எப்போது திரும்ப எடுப்பது. திறந்து பார்க்க ஒரு மாதிரி நோட்டைத் தனியாக மாதிரி என்று எழுதியே கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லா நோட்டையும் திறந்து பார்ப்பார்கள்.

பின்னட்டைப் பக்கம் வரும் பட்டையில் தயாரிப்பவர் பெயர், முகவரி, பக்க எண்ணிக்கை, அளவு, மாதம்-ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்குத் தொடர்பு எண் இருக்க வேண்டும், கவரில் அடைத்து விற்கும் பொருளுக்குச் சட்டம் கேட்பது இது. பட்டையைத் தனியாகச் சுற்றி வையுங்கள், ஹேண்ட்மேட் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் உரிக்கும்போது நாரோடு வரும்.

முத்தியால்பேட்டை மை:

தேதி டைரி இந்த வருடம் இல்லை. காலிகோ முதுகு, 135 மிமீ துண்டு என்று அட்டையை மறுபடி வரைகிறேன். ஒரே ஒரு கேள்வி: வெளியூருக்கு அனுப்பும்போது மூலை நசுங்காமல் இருக்க?

மஞ்சக்குப்பம் பைண்டிங்:

நான்கு மூலைக்கும் பழைய போர்டில் முக்கோணக் குப்பி மடித்துச் செருகுங்கள். மூன்று பிளை (அடுக்கு) பெட்டி ஒரு நோட்டுக்குப் போதும், ஐந்துக்கு மேல் என்றால் ஐந்து பிளை. நோட்டு பெட்டிக்குள் அசையக் கூடாது, அசைந்தால் எத்தனை குப்பி செருகினாலும் மூலை போய்விடும். இடைவெளியில் வெட்டின தாள் ஓரங்களைத் திணியுங்கள், அதுதான் உங்களிடம் நிறைய மிஞ்சும். கூரியரில் எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம். பல இடங்களில் நீளம் × அகலம் × உயரம் செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 25×18×4 பெட்டி 360 கிராம் கணக்கில் வரும். உங்கள் நோட்டே அட்டையோடு அந்த எடையை ஒட்டித்தான் இருக்கும், பெரிய பெட்டி எடுத்தால்தான் வீண் செலவு.

சாரம் ஸ்க்ரீன்:

ஸ்க்ரீன் போடுறதுக்கு முன்னாடி நாள் ஹேண்ட்மேட் கட்டைப் பிரிச்சு அச்சடிக்கிற அறையிலேயே விரிச்சு வைங்க. கட்டோட கொண்டுவந்து உடனே அடிச்சா நடுவுல இருக்கிற தாளும் ஓரத்துத் தாளும் வேற வேற ஈரத்துல இருக்கும். ஸ்க்ரீன்ல படம் ஏத்துறதுக்குப் பாசிட்டிவ் ஃபிலிம் எடுத்தா அதைப் பத்திரமா வாங்கி வச்சுக்குங்க. அடுத்த லாட்டுக்கு அதே போதும், புதுசா எடுக்க வேண்டாம்.